எந்தப் படத்துலயும் எங்க ஸ்கூல் வரல

கேள்வி, 2025 ஜூலை 27, காலை

"கிறிஸ்டியன் ஸ்கூல்ல படிக்கிற பசங்க வாழ்க்கைய ஹாலிவுட்காரன் மட்டும்தான் உண்மையா எடுக்குறான். லேடி பேர்ட் பாத்துட்டு வந்து சொல்றேன். தமிழ்ல கான்வென்ட்னா ஒண்ணு கண்ணாடி போட்ட கண்டிப்பு மதர், இல்லன்னா மெழுகுவத்தி புடிச்சிக்கிட்டு ஒரு பாட்டு. வேற ஒண்ணு காட்டுங்க பாப்போம்."

ஜூலை 27, ராத்திரி 9.50

தம்பி, பாதி ஒத்துக்குறேன், பாதி ஒத்துக்க மாட்டேன். முதல்ல நீங்க எந்த மாதிரி ஸ்கூல்ல படிச்சீங்கன்னு சொல்லுங்க, அது தெரியாம பேச முடியாது.

நான் படிச்சது டெல்டாவுல ஒரு டவுன்ல, சிஸ்டர்ஸ் நடத்துற கேர்ள்ஸ் ஸ்கூல். ஆறாவதுலேந்து பிளஸ் டூ வரைக்கும், 1996லேந்து 2003. ஸ்கூல் பேரு வேணாம், கூடப் படிச்சவளுங்க யாராவது இதப் படிச்சா எப்படியும் கண்டுபிடிச்சிருவாளுங்க. எங்க கிளாஸ்ல 62 பேரு. அதுல கிறிஸ்டியன் 11, முஸ்லிம் 5, மிச்சம் எல்லாம் எங்கள மாதிரி காலைல மாரியம்மன் கோயில் வாசல்ல பஸ் ஏறி வர்றவங்க.

லேடி பேர்ட் கதை நடக்குறது 2002-03, அமெரிக்காவுல சாக்ரமெண்டோ ஊர்ல. அதே வருஷம்தான் நானும் பிளஸ் டூ. அவளும் பெரிய ஊருக்குப் போகணும்னு அம்மாவோட சண்ட போடுறா, நானும் போட்டேன், அவ நியூயார்க், நான் சென்னை. அதனால படம் பாக்கும்போது அங்கங்க தொண்டைய அடைச்சிது, பொய் சொல்லல. ஆனா அதுல அவளும் அவ ஃபிரெண்டும் தரையில மல்லாந்து படுத்து கால சுவத்துல தூக்கி வச்சிக்கிட்டு சர்ச்சுப் பூசையில குடுக்க வச்சிருக்குற சின்ன வட்ட அப்பத்த சிப்ஸ் மாதிரி தின்னுவாங்க பாருங்க, அங்க நான் நின்னுட்டேன். அது அவங்க வீட்டுப் பண்டம், அதனால வெளையாட முடியுது. எங்களுக்கு அந்த அப்பம் எப்படி இருக்கும்னே தெரியாது. என் பெஞ்ச்மேட் கேத்தலிக். அவகிட்ட கேட்டேன், "ஐஸ்கிரீம் கோனுக்கு அடியில இருக்கும்ல, அது மாதிரி, ஆனா இனிப்பு இருக்காது"ன்னா.

இதுதான் என் பிரச்சன. வெளிநாட்டுப் படத்துல ஸ்கூலும் கிறிஸ்டியன், படிக்கிற புள்ளையும் கிறிஸ்டியன், நம்பிக்கை இருக்கோ இல்லியோ ஞானஸ்நானமாவது வாங்கியிருக்கும். இங்க ஸ்கூல் ஒருத்தரோடது, புள்ளைங்க ஊரோடது. இத யாரு எடுத்துருக்கா?

ஜூலை 27, 10.15

62 இல்ல, 58. பழைய குரூப் ஃபோட்டோவ எடுத்து எண்ணிட்டேன். தூக்கம் போச்சு.

ஜூலை 28

தமிழ்ப் படத்து சிஸ்டர் பத்தி ஒண்ணு சொல்லணும், மத்தியானம் முழுக்க இதான் மண்டைல ஓடுச்சு.

நம்ம படத்துல கேத்தலிக்கும் புராட்டஸ்டண்டும் ஒண்ணாப் போட்டுக் கலக்கிருவாங்க. மாதா சொரூபம் பின்னாடி இருக்கும், முன்னாடி ஒருத்தர் பொண்டாட்டி புள்ளையோட பாஸ்டரா நிப்பாரு. சிஸ்டர் வந்து "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே"ன்னு ஆரம்பிப்பாங்க, அது சி.எஸ்.ஐ., லுத்தரன் மாதிரி புராட்டஸ்டண்ட் ஆளுங்க சொல்றது. எங்க ஸ்கூல்ல "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே", அது முடிஞ்சதும் "அருள் நிறைந்த மரியே". நான் இந்துப் பொண்ணு, எனக்கே இது தெரியுது, கோடி ரூபா போட்டு படம் எடுக்குறவங்களுக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேக்கத் தோணல.

இன்னொண்ணு, படத்து சிஸ்டருக்கு சொந்த ஊரே இருக்காது. "மை சைல்ட்"ன்னு ஒரு மாதிரி இழுத்துப் பேசுவாங்க, ஏதோ வானத்துலேந்து வெள்ள டிரஸ்ஸோட எறங்குன மாதிரி. எங்க ஹெச்.எம். சிஸ்டர் ஒரத்தநாட்டுப் பக்கம் விவசாயக் குடும்பம். லீவ் லெட்டர் கொண்டுபோனா படிக்கவே மாட்டாங்க, "என்ன, அறுப்பா?"ன்னுதான் கேப்பாங்க. குறுவை அறுப்புக்கு ரெண்டு நாள் வராம போனவளுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஆனா அறுப்பு சமயம் இல்லாதப்ப அறுப்புன்னு எழுதுனா மாட்டிக்குவா. காச்சல்னு பொய் சொல்றவள விட அறுப்புன்னு பொய் சொல்றவளுக்குத்தான் அடி ஜாஸ்தி. இந்த சிஸ்டர எந்தப் படத்துல பாத்தீங்க?

ஜூலை 29

பூ விஷயம் எழுதுறேன்னு நேத்தே நெனச்சேன்.

எங்க ஸ்கூல்ல பூ வைக்கக் கூடாது. ரெட்ட ஜடை, மடிச்சுக் கட்டி, கறுப்பு ரிப்பன், பூ மட்டும் கூடாது. ஆனா கிராமத்துலேந்து வர்ற புள்ளைக்கு அம்மா காலைல தலை சீவி விடும்போதே முழம் பூவையும் வச்சு விட்டுரும், அதுவும் வெள்ளிக்கெழமைன்னா சொல்ல வேணாம். அத எடுத்துட்டுப் போன்னு அம்மாகிட்ட சொன்னா "பொம்பளப் புள்ள பூவில்லாம வெளிய போறதா"ன்னு ஒரு வாங்கு வாங்கும். பஸ்ஸுலயே கழட்டிருவோம்னு வச்சா பஸ்ஸுல பக்கத்து வீட்டு அத்தை நிக்கும். அதனால கேட்டு வரைக்கும் வச்சிக்கிட்டுத்தான் வருவோம். கேட்டுக்கிட்ட ஆயா ஒரு பச்ச பிளாஸ்டிக் பக்கெட்டோட உக்காந்துருக்கும். வரிசையா நின்னு ஹேர்பின்ன எடுத்துட்டுப் பூவ உருவி பக்கெட்டுல போடணும். கதம்பம், முல்லை, கனகாம்பரம், டிசம்பர்ல டிசம்பர் பூ. மணி 8.50 ஆகும்போது பக்கெட்டு ரொம்பிரும், அந்தப் பக்கம் போனாலே கல்யாண வீட்டு வாசன.

மத்தியானம் சாப்புட போகும்போது பாத்தா அந்தப் பூவெல்லாம் மாதா கெபிக்கு, அதான் குகை மாதிரி கட்டி மாதா செலை வச்சிருப்பாங்கள்ல, அதுக்கு முன்னாடி கெடக்கும். எங்கம்மா எனக்குத் தொடுத்த பூவ எங்கிட்டேந்து புடுங்கி அவங்க சாமிக்குப் போட்டுட்டாங்க, அப்படித்தான் நான் நெனச்சேன். ஏழாவதுலேந்து பத்தாவது வரைக்கும் அந்த சிஸ்டர் மேல எனக்கு இருந்த கோவத்துல முக்காவாசி இதுதான். படம் எடுத்தா முதல் சீன் இதத்தான் வைப்பேன், பக்கெட்டு குளோசப்.

ஜூலை 29, கொஞ்ச நேரம் கழிச்சு

"அப்ப அது மதத் திணிப்புதானே"ன்னு ஒரு அண்ணன் கேட்டுருக்காரு. அண்ணே, அவ்வளவு சுலபமாச் சொல்லிர முடியாது. எங்க சித்தி பொண்ணு படிச்ச கவர்மெண்ட் ஸ்கூல்லயும் பூவுக்குத் தடைதான். பொட்டு வைக்காதன்னு எங்கள யாரும் சொன்னதில்ல. கார்த்திகை மாசம் மாலை போட்ட பசங்க கறுப்பு வேட்டியோட செருப்பு இல்லாம பக்கத்து ஃபாதர்ஸ் ஸ்கூலுக்குப் போவாங்க, வாத்தியாரே "சாமி"ன்னுதான் கூப்புடுவாரு. ஒரே ஒரு டீச்சர் மட்டும் கையில கட்டியிருந்த கயிறப் பாத்துட்டு "இது உன்னைக் காப்பாத்துமா"ன்னு கேட்டாங்க. அது நடந்துச்சு, இல்லன்னு சொல்லல.

ஜூலை 31

ஷூ பத்தி யாரோ ஆரம்பிச்சு வச்சீங்க, நல்லதாப் போச்சு. சிங் ஸ்ட்ரீட்னு ஒரு படம், 2016, அயர்லாந்து, 1985ல டப்ளின்ல நடக்குற கதை. வீட்டுல காசுக் கஷ்டம்னு பையன பீஸ் கம்மியா இருக்குற கிறிஸ்டியன் பிரதர்ஸ் ஸ்கூலுக்கு மாத்திருவாங்க. அங்க கறுப்பு ஷூதான் போடணும், அவன்கிட்ட இருக்குறது பிரவுன். பிரின்சிபலா இருக்குற பிரதர் அத விடவே மாட்டாரு. ஒரு பையனோட வாழ்க்கையில அந்த ஷூதான் அப்ப உலகப் பிரச்சன.

இத எழுதுன ஆளு கண்டிப்பா அப்படி ஒரு ஸ்கூல்ல படிச்சிருக்கணும்னு எனக்குத் தோணுச்சு. ஏன்னா வெளியாளுங்க இந்த மாதிரி ஸ்கூல்னா ஜெபம், பாவம், நரகம்னுதான் கற்பன பண்ணுவாங்க. உள்ள இருந்தவனுக்குத்தான் தெரியும், சாமிய விட ஷூதான் முக்கியம்னு. எங்களுக்குப் புதன்கெழம வெள்ள கேன்வாஸ். செவ்வாய் ராத்திரி தொவைச்சா மழக்காலத்துல காயாது. ஈரத்தோடயே போட்டு வந்து, அழுக்குத் தெரியுற எடத்துல கிளாஸ்ல சாக்பீஸ எடுத்து தேச்சுக்குவோம். பிரேயர்ல நின்னு ஒரு தட்டு தட்டுனா வெள்ளையா தூசி பறக்கும், அது பின்னாடி நிக்கிறவ கருநீலப் பாவாடையில படியும், அப்புறம் அவளோட சண்ட. எங்க பி.டி. மிஸ் குனிஞ்சு வெரல்ல தொட்டுப் பாத்துட்டு "பவுடர் போட்டுருக்கியா ஷூவுக்கு?"ன்னு கேப்பாங்க.

ஆகஸ்ட் 3

இன்னைக்கு ஆடிப்பெருக்கு, ஆத்துல தண்ணி கரை பொரளுது, படித்துறையில கால் வைக்க எடமில்ல. சித்ரான்னம் கட்டி முடிச்சு மாமியார ஏத்தி எறக்கி வந்து படுத்தா போதும்னு இருக்கு. நாளைக்கு எழுதுறேன்.

ஆகஸ்ட் 5

நாளைக்குன்னேன், ரெண்டு நாளாயிடுச்சு. காதலுக்கு வருவோம், எல்லாரும் அதத்தான் கேக்குறீங்க.

அலைகள் ஓய்வதில்லை 1981. பிராமணப் பையன், கிறிஸ்டியன் பொண்ணு, கடைசில அவன் பூணூலயும் அவ சிலுவையயும் அறுத்துப் போட்டுட்டுப் போவாங்க. எங்கம்மா காலத்துப் படம், எங்க வீட்டுல கேபிள்ல வந்தா அந்தக் கடைசி சீனுக்கு மட்டும் அப்பா எழுந்து வெளிய போயிருவாரு. அதுல மதம்ங்கிறது கழுத்துல தொங்குற பொருளு, அறுத்துட்டா முடிஞ்சுது. ஸ்கூல்ல ஏழு வருஷம் அடுத்தவங்க ஜெபத்த மனப்பாடமா சொல்லிக்கிட்டு இருந்தவளுக்கு எத அறுக்குறதுன்னு புரியல. இன்னைக்கும் கரண்ட் போனா என் வாயில முதல்ல வர்றது "அருள் நிறைந்த மரியே"தான், அப்புறந்தான் முருகா.

துள்ளுவதோ இளமை 2002. அந்த வருஷம் ஸ்கூல் தொறந்ததும் அசெம்பிளியில ஒரு படத்தப் பத்தி பேரு சொல்லாமயே பத்து நிமிஷம் திட்டுனாங்க, அதுவரைக்கும் கேள்விப்படாதவளுங்களும் அன்னைக்கி சாயங்காலம் கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டாளுங்க.

96 பத்தி சொல்லாம போனா இங்க அடிப்பீங்க. நம்ம தஞ்சாவூர், 1996 பேட்ச், ஜனகராஜ் வாட்ச்மேன். அவங்க வெளிய போன வருஷம் நான் ஆறாவதுக்கு உள்ள போறேன், அதனால அந்தப் படத்துல பசங்க போற ரோட்டப் பாத்தாலே எனக்கு சைக்கிள் செயின் சத்தம் கேக்கும். நல்லா எடுத்துருக்காங்க, கூச்சத்த கூச்சமாவே விட்டுருக்காங்க. ஆனா அது கோ-எஜுகேஷன். எங்களுக்கு பசங்க ஸ்கூல் நாலு தெரு தள்ளி, பஸ் ஸ்டாண்டுதான் மொத்த சினிமாவும்.

பதினொண்ணாவதுல எனக்கு ஒரு லெட்டர் வந்துச்சு. பஸ்ஸுல ஒரு பையன் என் பிசிக்ஸ் ரெக்கார்டுக்குள்ள சொருகிட்டான், நான் பாக்கவே இல்ல, ரெக்கார்டு கரெக்‌ஷனுக்குப் போயி அப்படியே ஹெச்.எம். சிஸ்டர் மேசைக்குப் போயிருச்சு. கூப்புட்டாங்க. நான் படில ஏறும்போதே அப்பா மொகம், படிப்ப நிறுத்துறது, மாமா பையன் எல்லாம் கண்ணு முன்னாடி வந்துருச்சு. சிஸ்டர் என்னப் பாத்தாங்க, லெட்டர பாத்தாங்க, "ஆண்டு விழா கர்ட்டன் மடிக்கணும், அந்தப் பக்கம் புடி"ன்னாங்க. மெரூன் கலர் வெல்வெட், மேடை அகலத்துக்கு இருக்கும், ரெண்டு பேரும் எதிரெதிரா நின்னு உதறி மடிச்சு, கிட்ட வந்து முனைய குடுத்துட்டு, திரும்பப் பின்னாடி போயி. ஒரு மணி நேரம் ஒரு வார்த்த பேசல. கடைசி மடிப்பு மடிச்சதும் "நாளைக்கு மேத்ஸ் டெஸ்ட்தானே, போ"ன்னாங்க. வீட்டுக்குச் சொல்லல. அந்த லெட்டர்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, அவங்கதான் படிச்சிருக்காங்க.

படத்துல வச்சா இந்த சீன்ல டயலாக் வேணும்பாங்க.

ஆகஸ்ட் 6

"இந்த ஸ்கூலெல்லாம் இங்கிலீஷ்காரன் கொண்டாந்த அடிமைப் படிப்பு"ன்னு ஒருத்தர். ஐயா, நம்ம பக்கத்துல அப்படி இல்ல. தரங்கம்பாடியில 1706ல வந்து எறங்குன சீகன்பால்க் பாதிரியார் ஜெர்மன்காரர், அனுப்புனது டென்மார்க் ராஜா. தஞ்சாவூர்ல சரபோஜிக்குப் பாடம் சொன்ன சுவார்ட்ஸ் அவரும் ஜெர்மன். திருச்சி செயிண்ட் ஜோசப் காலேஜ் 1844ல நாகப்பட்டினத்துல ஆரம்பிச்சு 1883ல திருச்சிக்குப் போனது, ஆரம்பிச்சவங்க பிரெஞ்சு சேசு சபை ஃபாதருங்க. வீரமாமுனிவர் இத்தாலி. இங்கிலீஷ்காரங்கள்ல ஹீபர்னு ஒரு பிஷப்பு, பாவம், திருச்சிக்கு வந்த எடத்துல 1826ல செத்துப் போயிட்டாரு. அடிமைப் படிப்பா இல்லியாங்கிறது வேற பேச்சு, அதுக்குத் தனியா ஒரு இழை ஆரம்பிங்க.

ஆகஸ்ட் 10

என் பெஞ்ச்மேட் இதப் படிச்சிட்டா. யாரோ லிங்க் அனுப்பியிருக்காங்க. நேத்து ராத்திரி ஃபோன் பண்ணி ஒன்றர மணி நேரம், அதுல முதல் அர மணி நேரம் திட்டுதான்.

முதல்ல பூ. நான் எழுதுனது தப்பாம். சிஸ்டர் பூவ மாதாவுக்குப் போடச் சொல்லவே இல்லியாம், குப்பத்தொட்டியில கொட்டத்தான் சொல்லியிருக்காங்க. ஆயாதான் மனசு கேக்காம "தலையில வச்ச பூவக் குப்பையில போடக் கூடாது, ஏதாச்சும் ஒரு சாமி காலடியில போடணும்"ன்னு கெபிக்குக் கொண்டுபோயிருக்கு. அந்த ஸ்கூல் காம்பவுண்டுக்குள்ள இருந்த ஒரே சாமி மாதா. ஆயா எங்க பக்கத்து ஊரு, அங்காளம்மன் கோயில்ல தீ மிதிக்கிற குடும்பம். இவளுக்கு எப்படித் தெரியும்னா, மாதாவுக்கு இன்னொருத்தர் தலையில வச்ச பூவப் போடுறாங்களேன்னு இவ அம்மா போயி சிஸ்டர்கிட்ட கம்ப்ளெயிண்ட் பண்ணியிருக்காங்க! நான் எங்க சாமிக்கு ஆகாதுன்னு கோவப்பட்டுக்கிட்டு இருந்தப்ப, அந்தப் பக்கம் அவங்க சாமிக்கு ஆகாதுன்னு கோவம். சிஸ்டர் ரெண்டு நாள் யோசிச்சிட்டு "அவ போடட்டும் விடுங்க"ன்னாங்களாம்.

நாலு வருஷக் கோவம், இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு ஆள் மாறிப் போச்சு.

ரெண்டாவது, "நீ எழுதுறது உன் படம், என் படம் இல்ல"ன்னா. எங்களுக்கு மாரல் கிளாஸ் நடக்கும்போது கேத்தலிக் புள்ளைங்க தனியா எழுந்து பக்கத்து ரூமுக்கு மறைக்கல்விக்கு, அதான் அவங்க மதப் பாடத்துக்குப் போவாங்க. நாங்க இங்க "உண்மையே பேசு"ன்னு ஒரு கதையக் கேட்டுட்டு மிச்ச நேரம் புத்தகத்துக்குக் கீழ புள்ளி வச்சு கோலம் போடுவோம், அவங்க ஏதோ ஸ்பெஷலா ஜாலியா இருக்காங்கன்னு எங்களுக்குப் பொறாம. அவ சொல்றா, அங்க முதல் கேள்வியே "நேத்து பூசைக்கு யாரு வரல"ன்னுதானாம். எங்களுக்கு நாலே முக்காலுக்கு பெல் அடிச்சா ஸ்கூல் முடிஞ்சுது. அவளுக்கு முடியாது. அதே சிஸ்டர் ஞாயித்துக்கெழம மாதா கோயில்ல, புதன்கெழம அன்பியக் கூட்டத்துக்கு, அதான் தெருக்காரங்க சேந்து பண்ற ஜெபக் கூட்டத்துக்கு, இவ வீட்டுத் திண்ணையிலயே வந்து உக்காந்துருப்பாங்க. எனக்கு வந்த லெட்டர் அவளுக்கு வந்துருந்தா கர்ட்டன் மடிக்கச் சொல்லி விட்டுருப்பாங்களான்னு கேட்டா. எனக்குப் பதில் இல்ல.

அப்புறம் ஒண்ணு சொன்னா, இது எனக்குத் தெரியவே தெரியாது, ஒரே பெஞ்சுல அஞ்சு வருஷம் உக்காந்தவ. பத்தாவது லீவுல அவ அழைத்தல் முகாமுக்குப் போயிருக்கா, சிஸ்டராப் போகணும்னு. யாரும் கட்டாயப்படுத்தல, அவளுக்கே ஆச. வீட்டுலதான் அம்மா ரெண்டு நாள் சாப்புடாம கெடந்து நிறுத்தியிருக்காங்க. இந்த மாதிரிப் படத்துலெல்லாம் பொண்ணு கான்வென்ட்டுலேந்து தப்பிச்சுப் போகத்தான் துடிப்பா. உள்ள போகணும்னு வீட்டுல சண்ட போடுற பதினஞ்சு வயசுப் பொண்ணு எந்தப் படத்துல இருக்கா? நாங்க டாக்டர், இஞ்சினியர்னு ஸ்லாம் புக்ல எழுதுனோம்ல, அவளும் டீச்சர்னு எழுதியிருக்கா, பொய்யி.

மூணாவது விஷயத்த அவகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். அவ சர்டிஃபிகேட்ல இருக்குற பேரு வேற, மாதா கோயில்ல இருக்குற பேரு வேற. ஆதிதிராவிடர் குடும்பம் கிறிஸ்தவத்துக்குப் போயிட்டா 1950 ஜனாதிபதி உத்தரவுப்படி எஸ்.சி. கணக்குல வராது, நம்ம ஸ்டேட்ல பி.சி. லிஸ்ட்ல சேத்துருவாங்க. அதனால இவ அப்பா பேப்பர்ல இந்துவாவே விட்டுட்டாரு, பெரியப்பா மாத்திக்கிட்டாரு. பெரியப்பா பொண்ணும் எங்க ஸ்கூல்தான், ஒரு கிளாஸ் முன்னாடி. ஸ்காலர்ஷிப் ஃபாரம் வரும்போது கிளாஸ் டீச்சர் எல்லார் முன்னாடியும் எழுந்து நிக்கச் சொல்லி கம்யூனிட்டிய சத்தமாப் படிப்பாங்க. அக்காவுக்கு ஒண்ணு, தங்கச்சிக்கு ஒண்ணு, ரெண்டு பேரும் ஒரே வீட்டுச் சோறு. அன்னைக்கி மட்டும் அவ மறைக்கல்விக்கு எழுந்து போறப்ப பின்னாடி பெஞ்சுலேந்து "நீ ஏன் போற, நீ எங்காளு"ன்னு ஒருத்தி சொல்லி மொத்த கிளாஸும் சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். அவ அதச் சொல்லல, எனக்கே ஞாபகம் இருக்கு.

ஆகஸ்ட் 11

அவ பேசுனதுக்கு அப்புறம் சேவ்ட் படத்தத் திரும்பப் பாத்தேன், 2004ல வந்தது, அமெரிக்காவுல இவாஞ்சலிக்கல்னு சொல்ற தீவிர புராட்டஸ்டண்ட் டைப் ஸ்கூல். அதுல ஒருத்தி "எனக்குள்ள கிறிஸ்துவோட அன்பு ரொம்பி இருக்கு"ன்னு கத்திக்கிட்டே பைபிளத் தூக்கி இன்னொருத்தி மேல அடிப்பா. முதல் தடவ பாத்தப்ப வயித்த வலிக்க சிரிச்சேன். இந்தத் தடவ ஃபோன்ல அவ சொன்னது ஞாபகம் வந்துச்சு, தேர்ப் பவனியில மாதா கொடி யாரு புடிக்கிறதுன்னு அந்த 11 பேருக்குள்ள நடந்த அரசியல். நல்ல புள்ளன்னு பேரு எடுக்க ஒருத்திய ஒருத்தி போட்டுக் குடுத்துருக்காளுங்க. எங்களுக்கு ரேங்க் கார்டுன்னா அவங்களுக்கு ரெண்டு ரேங்க் கார்டு.

ஆகஸ்ட் 12

சிலர் டெரி கேர்ள்ஸ் சொல்றீங்க. பாத்தேன், அதுல வர்ற சிஸ்டர் மைக்கேல் தங்கம். ஆனா அது சீரிஸ், படம்னுதானே தம்பி கேட்டாரு. ரூல்னா ரூல்தான்.

ஆகஸ்ட் 17

கும்பகோணத்து அண்ணன் ஒருத்தர் ஒரு பிரெஞ்சுப் படத்தப் பாக்கச் சொன்னாரு, ஓ ருவா லெ ஸான்ஃபான், லூயி மால் எடுத்தது, 1987. நேத்து சப்டைட்டில் போட்டுப் பாத்தேன். அண்ணே, கும்புடுறேன் உங்கள.

1944, யுத்த சமயம், ஃபாதர்ஸ் நடத்துற போர்டிங் ஸ்கூல். பேர மாத்தி யூதப் பசங்கள ஒளிச்சு வச்சிருக்காங்க. டைரக்டர் சின்ன வயசுல படிச்ச ஸ்கூல்ல நடந்தது. அதுல ஒரு எடம், பூசையில எல்லாப் பசங்களும் நன்மை, அதான் அந்த அப்பத்த வாங்க வரிசையில முட்டி போட்டுருப்பாங்க, அந்த யூதப் பையனும் போய் முட்டி போட்டுருவான். ஃபாதர் அப்பத்த எடுத்துக்கிட்டு வருவாரு, இவன் மொகத்தப் பாப்பாரு, ஒரு நொடி நின்னுட்டு அவனத் தாண்டி அடுத்தவனுக்குக் குடுத்துருவாரு. அவ்வளவுதான்.

முதல் நாள் நான் எழுதுனதுல ஒண்ண மறைச்சிட்டேன். அப்பம் எப்படி இருக்கும்னு தெரியாதுன்னு எழுதுனேன்ல, அது நெசம். ஆனா தெரிஞ்சிக்கப் போயிருக்கேன்.

எட்டாவது. மாசத்து முதல் வெள்ளிக்கு ஸ்கூல் சேப்பல்ல பூசை, கேத்தலிக் புள்ளைங்க முன்னாடி, நாங்க பின்னாடி சுவத்த ஒட்டி. சாம்பல் புதன் அன்னைக்கி மட்டும் எல்லாரும் போகலாம், யாரு போனாலும் நெத்தியில சாம்பல் வைப்பாங்க. போன வருஷத்து குருத்தோலைய எரிச்ச சாம்பல்னு சொல்லுவாங்க, எங்களுக்குத் துண்ணூறு மாதிரிதான், கூச்சமே இல்லாம போய் நிப்போம், சாயங்காலம் வீட்டுக்குப் போனா பாட்டி "எந்தக் கோயிலுக்குடி போன"ன்னு சந்தோஷமாக் கேக்கும். அந்தத் தைரியத்துல ஒரு முதல் வெள்ளிக்கு நானும் வரிசையில போயிட்டேன். யாரும் பந்தயம் கட்டல, சாமிப் பைத்தியமும் இல்ல. எல்லாரும் எழுந்து போறாங்க, நான் மட்டும் எதுக்கு உக்காந்துருக்கணும்னு தோணுச்சு.

அந்த ஃபாதருக்கு என் பேரு தெரியாது, எங்க ஸ்கூல் ஃபாதரும் இல்ல, ஊர்ப் பங்குக் கோயில்லேந்து வர்றவரு. முன்னாடி போன எல்லாரும் கைகூப்பி வாயத் தொறந்து நாக்குல வாங்குறாங்க, நான் அதப் பாத்துக்கிட்டேதான் போறேன். ஆனா கிட்டப் போனதும் கை தன்னால வந்துருச்சு. எடது கைய அடியில வச்சு, வலது கைய குழிச்சு, தீர்த்தம் வாங்குற மாதிரி நீட்டிட்டேன்.

அவரு என் கையப் பாத்தாரு. அப்பத்தத் திரும்பக் கிண்ணத்துல வச்சாரு. என் தலையில கைய வச்சு ஏதோ சொல்லி ஆசீர்வாதம் பண்ணிட்டு, அடுத்தவளுக்குப் போயிட்டாரு. நான் அந்தக் குழிச்ச கையோடயே எடத்துக்குத் திரும்பி வந்தேன், மூட மறந்துட்டேன். சிஸ்டர் பாத்தாங்கன்னு நெனைக்கிறேன். யாரும் எதுவும் கேக்கல.

அவமானமா இருந்துச்சான்னா, அப்ப ரொம்ப. இப்ப யோசிச்சா அவரு வேற என்ன பண்ணியிருக்க முடியும், அவங்க வழக்கத்துல அது எனக்குக் குடுக்குற பொருள் இல்ல. நான் எங்க குலதெய்வக் கோயில் உள்ள அவர கூட்டிட்டுப் போயிருப்பேனா. ஆனா முதல் நாள் பெருசா எழுதுனேனே, ஸ்கூல் ஒருத்தரோடது புள்ளைங்க ஊரோடதுன்னு, அத இந்தக் கைய வச்சுத்தான் எழுதியிருக்கேன்னு நேத்து அந்த பிரெஞ்சுப் பையனப் பாத்தப்பதான் புரிஞ்சிது. அவனுக்கு உயிர் போற விஷயம், எனக்கு ஒண்ணுமில்ல, ரெண்டையும் ஒண்ணாச் சொல்லல. ஆனா அந்த ஒரு நொடி அதேதான்.

ஆகஸ்ட் 18

பெஞ்ச்மேட் மெசேஜ்: "நீ போனத நான் பாத்தேன்டி. உனக்கு அடுத்து நின்னது நான்தான்."

ஆகஸ்ட் 29

இன்னைக்கி வேளாங்கண்ணியில கொடியேத்தம். நாலு நாளா எங்க ரோட்டுல நடக்குற கூட்டம் நிக்கல, காவி கட்டி, கொடி புடிச்சு, காலுல பேண்டேஜோட. எதிர்வீட்டு ஐயா விநாயகர் சதுர்த்திக்குப் போட்ட பந்தலப் பிரிக்காம அதுலயே மோர்ப் பானைய வச்சிட்டாரு, புள்ளையார் ஒரு பக்கம் இருக்காரு, இவங்க ஒரு பக்கம் மோர் குடிக்கிறாங்க. என் பொண்ணு ஒம்பதாவது, அவளும் சிஸ்டர்ஸ் ஸ்கூல்தான், சொம்பெடுத்து ஊத்திக்கிட்டு நிக்கிறா. அவ ஸ்கூல்ல பூ பக்கெட்டெல்லாம் இல்ல, இப்பப் பூ வைக்கவே எவளுக்கும் இஷ்டமில்ல.

லேடி பேர்ட் பாக்கணும்னு ரெண்டு வாரமா கேக்குறா, நான் இங்க எழுதுறத எப்படியோ படிச்சிட்டா. அதுல சிஸ்டர் கார்ல "இயேசுவோட கல்யாணம்"னு எழுதி டப்பா கட்டி விடுற சீன் வரைக்கும் பரவால்ல, வேற சில எடம் இருக்கு. பிளஸ் டூ முடியட்டும்னு சொல்லிட்டேன். "நீ உங்க ஹெச்.எம். மாதிரியே பேசுற"ன்னுட்டுப் போறா.

கேள்வி கேட்ட தம்பி, ஒரு மாசமாச்சு, நீங்க எந்த மாதிரி ஸ்கூல்ல படிச்சீங்கன்னு இன்னும் சொல்லல.